பேட் உட்காரும் இடம்

பேட் மாற்றினால் பிரேக் சரியாகிவிடும் என்றுதான் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். மெக்கானிக் பழைய பேடைக் கழற்றுகிறார், புதியதைச் செருகுகிறார், டிஸ்க் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுகிறார், பணத்தை வாங்கிக்கொள்கிறார். அந்தப் பேட் எதன் மேல் உட்கார்ந்து நகர்கிறது என்று அவரும் பார்ப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. பிரேக் தொல்லைகளில் பாதி அங்கேதான் குடியிருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் வார்ப்பிரும்புத் தொழில்காரன். கோவை ஃபவுண்டரிகளில் வேலை கற்றவன். இப்போது பிழைப்பு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஊரில். வைத்திருப்பது 1999-ஆம் வருடத்து ஜீப் செரோக்கி. 1984 முதல் 2001 வரை வந்த அந்தப் பெட்டி வடிவ வண்டி. பக்கத்து மாநிலமான ஒஹையோவின் டொலிடோ நகரில் செய்தது. நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் இஞ்சின்; எண்ணெய் மட்டும் ஒழுங்காக மாற்றினால் போதும், உடம்பு துருப்பிடித்து உதிர்ந்த பிறகும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இந்த வகை ஜீப்களின் முன்சக்கரத்தில் பேட் உட்காரும் தடம் தேய்ந்து பள்ளமாவது, இவற்றை வைத்துப் பராமரிப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. மற்றவர்களுக்கு அப்படி ஒரு தடம் இருப்பதே தெரியாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முன்சக்கரத்தைக் கழற்றினால் முதலில் தெரிவது டிஸ்க். அதன் விளிம்பை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருப்பது காலிப்பர். காலிப்பருக்குள் பேட் இரண்டு, டிஸ்க்குக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இவை அத்தனையையும் தாங்கிக்கொண்டு பின்னால் ஒரு கனமான வார்ப்புத் துண்டு இருக்கிறது. அதுதான் நக்கிள். நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது டை ராடு பிடித்து இழுப்பது இதைத்தான். சக்கரத்தின் ஹப் இதில்தான் பூட்டியிருக்கிறது. மேலும் கீழும் இரண்டு பால் ஜாயின்ட் இதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வண்டியின் திசையும் நிறுத்தமும் இந்த ஒரு துண்டில் சந்திக்கின்றன.

இந்த ஜீப்பில் காலிப்பருக்கு ஒரே பிஸ்டன். மிதியை அழுத்தினால் பிஸ்டன் உள் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் தன் போல்ட்டுகளின் மேல் வழுக்கிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்து, வெளிப் பேடை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். மிதியை விட்டதும் பேட்கள் விலக வேண்டும். எவ்வளவு விலக வேண்டும்? மயிரிழை போதும். அதற்குத் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், அழுத்தும்போது சற்றே முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொள்கிறது. இவ்வளவுதான் ஏற்பாடு. இந்த மெல்லிய இழுப்பை நம்பித்தான் பிரேக் விடுபடுகிறது. பேட் வழியில் எங்காவது சிக்கினால் அதை விடுவிக்கும் பலம் ரப்பருக்கு இல்லை.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைக் கவ்வும் பேட், டிஸ்க்கோடு சேர்ந்து தானும் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது யார்? பேடின் பின்பக்கம் ஓர் எஃகுத் தகடு உண்டு. அந்தத் தகட்டின் இரு முனைகளும் நக்கிளில் மேலும் கீழும் வார்த்துச் செதுக்கிய இரண்டு தடங்களில் உட்கார்ந்திருக்கும். சுற்றப் பார்க்கும் பேடைத் தோள் கொடுத்து நிறுத்துவது அந்தத் தடம்தான். என் வண்டி சுமார் 1,500 கிலோ. அவசரமாக நிறுத்தும்போது பாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன்சக்கரங்களின் தலையில் விழுகிறது. டயரின் ஆரம், டிஸ்க்கின் ஆரம் எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு பேடும் தடத்தின் மேல் 500 கிலோவுக்குக் குறையாமல் மோதுகிறது.

ஆக அந்தத் தடத்துக்கு வேலை இரண்டு. அரை டன் மோதலைத் தாங்க வேண்டும். அதே சமயம் மயிரிழை தூரம் பேட் தடையில்லாமல் முன்னும் பின்னும் வழுக்கவும் இடம் தர வேண்டும். முதல் வேலையை வார்ப்பிரும்பு காலகாலத்துக்கும் செய்யும். இரண்டாவது வேலைக்கு வழவழப்பான சமதளம் வேண்டும். கெடுவது அங்கேதான்.

பேடின் எஃகுத் தகடு அச்சில் அறுத்தெடுத்தது, விளிம்பு கூர்மையானது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அது தடத்தை இடிக்கிறது. இடிக்காத நேரத்தில் சாலை அதிர்வில் நடுங்கி அரைக்கிறது. நடுவில் மணலும் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஊரில் கூடுதலாக உப்பு வேறு. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. வெட்டத் தொடங்கி நூறு வருடங்களுக்கும் மேலாகிறது. பனி உருக அந்த மாதிரி உப்பைத்தான் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டுகிறார்கள். வீட்டுக்கடியிலேயே விஷத்தை வைத்துக்கொண்டு வண்டி செய்யும் ஊர் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

தேய்ந்த தடத்தில் பேடின் தகட்டு அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். உள் பேடுக்கு ஒன்று, வெளிப் பேடுக்கு ஒன்று. பள்ளத்தில் விழுந்த பேட், மழைக்காலத்தில் ஊதிக்கொண்ட மர மேஜையின் இழுப்பறை மாதிரிதான்: பலமாகத் தள்ளினால் கொஞ்சம் போகும், விட்டால் திரும்பி வராது, வந்தாலும் கோணலாக வரும். பிரேக் பிடிக்கும்போது பிஸ்டனின் பலத்தில் எப்படியோ பேட் டிஸ்க்கைத் தொட்டுவிடும். விடும்போதுதான் சிக்கல். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். ஒரு முனை முந்தி, மறு முனை பிந்தி, பேட் ஆப்பு வடிவத்தில் தேயும்.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. பலரை ஏமாற்றுவது இதுதான். புதுப் பேட் தடிமனாக இருக்கும். அதனால் அதன் தகடு டிஸ்க்கிலிருந்து தள்ளி, தடத்தில் அதிகம் தேயாத பகுதியில் உட்காரும். மாற்றிய அன்று ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. பேட் தேயத் தேயத் தகடு டிஸ்க்கை நோக்கி நகரும். சில மாதம் கழித்துப் பழைய பள்ளத்தின் விளிம்புக்கு வந்து, உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும். அப்போது நாம் திட்டுவது பேட் கம்பெனியை.

என் வண்டியில் இடது முன்சக்கரத்து உள் பேட் தகடு வரை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியது. வெளிப் பேட் பாதிகூடத் தேயவில்லை. காட்டிய கடையில், பார்த்த மாத்திரத்தில் காலிப்பர் போய்விட்டது என்றார்கள். போயிருக்கலாம்தான், பிஸ்டன் துருப்பிடித்து இறுகினாலும் இதே மாதிரிதான் தேயும். ஆனால் சி கிளாம்ப் வைத்துத் திருகியபோது பிஸ்டன் சிரமமில்லாமல் உள்ளே போனது. வழுக்கு போல்ட்டுகளும் சுத்தமாக இருந்தன. மிச்சமிருந்தது தடம் மட்டும்தான்.

கண்டுபிடிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ரிவர்ஸில் கொஞ்சம் வந்து பிரேக் பிடியுங்கள். பிறகு முன்னே போய்ப் பிடியுங்கள். முதல் அழுத்தத்தில் மட்டும் ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தால், பேட் ஒரு தடத்திலிருந்து எதிர்த் தடத்துக்குத் தாவி மோதுகிறது என்று சந்தேகப்படலாம். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு சக்கரம் மட்டும் அனலடிக்கும். கையை வைக்காதீர்கள், கிட்டே கொண்டுபோனாலே தெரியும். காலிப்பரைக் கழற்றிய பிறகு வெறும் பேடைத் தடத்தில் வைத்து விரலால் தள்ளிப் பாருங்கள். போய் வர வேண்டும். பிறகு நகத்தால் தடத்தைக் குறுக்கே வருடுங்கள். நகம் தடுக்கினால் பள்ளம். ஒரு நேர்விளிம்புப் பட்டையை மேலே வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டால் எவ்வளவு ஆழம் என்றும் தெரிந்துவிடும்.

கழற்றும்போது இரண்டு விஷயம். காலிப்பரை அதன் ரப்பர் ஹோஸில் தொங்க விடாதீர்கள். கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் ஒன்று உண்டு, இன்றைய தூசியும் நுரையீரலுக்கு உகந்ததல்ல. ஈரத் துணியால் துடைப்பது மேல்.

இனி வைத்தியம்.

பள்ளம் லேசான கீறல் அளவில்தான் என்றால் அரம் போதும். கிரைண்டர் வேண்டாம், அது நிமிடத்தில் சமதளத்தைக் கெடுத்துவிடும். தட்டையான அரத்தைப் படுக்க வைத்து, பள்ளத்தின் இரு கரைகளை மட்டும் இழைத்துச் சமமாக்கி, கிரீஸ் தடவி மூடிவிடலாம். ஆனால் அரத்தால் உலோகத்தை எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. பள்ளம் ஆழமாக இருக்கும்போது அதன் அடிமட்டம் வரை இழைத்துத் தள்ளினால் பேட் வழுக்கும். கூடவே மேலும் கீழும் இடைவெளி வந்து ஆடும். ஒட்டுதல் போய் ‘டக்’ சத்தம் பெரிதாகும். அது வைத்தியம் ஆகாது. சிலர் பள்ளத்தை அளவாக வெட்டியெடுத்து அங்கே எஃகுத் தகடு பொருத்துகிறார்கள். கை சுத்தமாக இருந்தால் நல்ல வழிதான்.

பெரும்பாலானவர்கள் போகும் வழி வெல்டிங். பள்ளத்தை நிரப்பி, இழைத்து, பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது. இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்து நிற்கிறது.

நக்கிள் சாதாரண இரும்பு அல்ல. பெரும்பாலான நக்கிள்கள் டக்டைல் அயர்ன் எனப்படும் வார்ப்பிரும்பு. பழைய சாம்பல் வார்ப்பில் கரி, தகடு தகடாக ஓடியிருக்கும்; சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்தத் தகடுகளின் வழியே விரிசல் ஓடித் துண்டாகிவிடும். 1943-ல் அமெரிக்காவில் இன்கோ நிறுவன ஆய்வுக்கூடத்தில் கீத் மில்லிஸ் என்பவர், உருகிய வார்ப்பிரும்பில் துளி மெக்னீசியம் சேர்த்தால் கரி தகடாகாமல் உருண்டையாகத் திரள்வதைக் கண்டார். காப்புரிமை 1949-ல் கிடைத்தது. கரி உருண்டையானதும் விரிசலுக்கு வழி அடைபட்டுப் போகிறது. வார்ப்பு வளைந்து கொடுக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் உறுப்பை வார்ப்பில் செய்யும் துணிச்சல் அதனால்தான் வந்தது. கோவை ஃபவுண்டரியில் மெக்னீசியம் போடும் நொடியில் கொப்பரையிலிருந்து எழும்பும் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்தியாவில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் வார்ப்புகள் அந்த வெளிச்சத்தில் பிறந்தவைதாம்.

ஆனால் இந்த இரும்பில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு போலக் கரி இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தக் கரி இரும்பில் கரைகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த வார்ப்பு சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, கரைந்த கரி வெளியே வர நேரமில்லாமல் அங்கேயே உறைந்து, அரம் ஏறாத கடினமான, எளிதில் உடையும் பட்டையாகிவிடுகிறது. விரிசல் பிறப்பது அந்தப் பட்டையில். வெல்டிங் முடிந்து ஆறும்போது, சில நேரம் ‘டிக்’ என்ற சத்தத்தோடு, நம் கண்முன்னேயே விரியும்.

அதற்கு மருந்து நிக்கல். நூற்றுக்கு ஏறக்குறைய 55 பங்கு நிக்கலும் மீதி இரும்பும் கொண்ட வெல்டிங் ராடு வார்ப்பிரும்புக்கென்றே வருகிறது. கிட்டத்தட்ட முழுக்க நிக்கலான ராடும் உண்டு, இழைப்பதற்கு இன்னும் சுலபம், விலை அதிகம். நிக்கல் கரியோடு சேர்ந்து கடினப்படாது. மென்மையாகவே இருந்து, சுருங்கும்போது தான் நீண்டுகொடுத்து வார்ப்பைக் காப்பாற்றும். சாதாரண மிக் கம்பியால் நிரப்பி ஓட்டுகிறவர்களும் இங்கே நிறையப் பேர். பேட் தடத்தை அழுத்தும் விசையே ஒழிய இழுக்கும் விசை அல்ல என்பதால் அது பல வருடம் தாங்கவும் செய்கிறது. என் கைக்கு அது ஒத்துவராது. கடினப்பட்ட அந்த மேட்டை அரத்தால் சமமாக்குவது பெரும்பாடு. விரிசல் தடத்தோடு நிற்குமா, நக்கிளின் உடம்புக்குள் இறங்குமா என்பதையும் வெளியிலிருந்து சொல்ல முடியாது.

பால் ஜாயின்ட் மாற்ற வேண்டிய காலமும் வந்திருந்ததால் நக்கிளை வண்டியிலிருந்து கழற்றிவிட்டேன். ஹப்பின் நடு நட்டு 36 மி.மீ.; அதை இளக்குவதே ஒரு குஸ்தி. ஹப்பைப் பிடித்திருக்கும் பன்னிரண்டு முனைத் தலைகொண்ட மூன்று 13 மி.மீ. போல்ட்டுகள் எங்கள் உப்பு ஊரில் லேசில் வருவதில்லை. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டுவைப்பது உத்தமம். வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடிப்பவர்கள் பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஏபிஎஸ் ஒயரை விலக்க வேண்டும், எர்த் கிளாம்ப்பைத் தடத்துக்குப் பக்கத்திலேயே நக்கிளில் கடிக்க விட வேண்டும். ஷாஸியில் எங்கோ கடித்தால் மின்சாரம் பேரிங், பால் ஜாயின்ட் வழியாகப் பாய்ந்து அவற்றின் குண்டுகளைச் சுட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அது துளி ஈரமாக ஒட்டியிருக்கும் இரும்பின் மேல் வெல்டிங் அடித்தால், சூட்டிலும் ஒளியிலும் அது சிதைந்து பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. வெல்டிங் அடிக்கப்போகும் இடத்தைச் சோப்பு நீரும் கம்பித் தூரிகையும் போட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாக உலர விடுங்கள். கிளீனர் டப்பாவைக் கிட்டே வைக்காதீர்கள்.

சூடேற்றும் பர்னரால் நக்கிளை மெதுவாக, சீராக வெதுப்பிய பிறகு ராடைப் பிடித்தேன். ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே மூச்சில் போடக் கூடாது. போட்டவுடன், சிவப்பு அடங்குவதற்குள், உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிக் கொடுக்க வேண்டும். சுருங்க நினைக்கும் உலோகத்தை அந்தத் தட்டு பரப்பிவிடும். பிறகு காத்திருப்பு. பிறகு எதிர் முனையில் அடுத்த அங்குலம். கோவையில் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, நான் ராடும் கையுமாகப் பரபரப்பதைப் பார்த்துவிட்டு, “அவசரப்பட்டா வார்ப்பு வெடிச்சுப் போயிருமுங்க தம்பி. ஒரு டீ குடிச்சுட்டு வாங்க” என்பார். அங்கே வெல்டிங் முடிந்த வார்ப்பைச் சுண்ணாம்புத் தூளில் புதைத்து ஆற விடுவார்கள். நான் உலர்ந்த மணலில் புதைத்து மறுநாள் காலைதான் எடுத்தேன்.

நிரப்பிய மேட்டை எந்த மட்டத்துக்கு இழைப்பது? தடத்தின் இரு கோடிகளிலும் பேட் எட்டாத கொஞ்சம் இடம் தேயாமல் இருக்கும். ஃபேக்டரியில் செதுக்கிய மட்டம் அதுதான். நேர்விளிம்புப் பட்டையை அந்த இரண்டு கோடியிலும் பாலமாக வைத்து, பெரும்பகுதியைக் கிரைண்டரால் எடுத்து, கடைசிப் படலத்தை அரத்தால் இழைக்க வேண்டும். புதுப் பேடின் தகட்டு முனையில் நீல மையைத் தடவித் தடத்தில் வைத்துத் தேய்த்தால், மை ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதை மட்டும் இழைத்து மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பேட் ஆடாமல், ஆனால் விரலுக்கு நகரும்படி உட்கார்ந்தால் வேலை முடிந்தது. பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

பூட்டும்போது தடத்துக்குச் சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லிய படலமாக. இந்த ஜீப்பின் சர்வீஸ் புத்தகமே, பேட் மாற்றும்போதெல்லாம் தடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கிரீஸ் தடவச் சொல்கிறது. இதைச் செய்யாமல் விட்டதன் பலன்தான் பாதிப் பள்ளங்கள். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் பட்டுவிடக் கூடாது. பெட்ரோலியக் கிரீஸ் காலிப்பரின் ரப்பரை ஊத வைக்கும், அதுவும் கூடாது. நடு நட்டுக்கு 175 அடி-பவுண்டு முறுக்கு, புது ஸ்பிளிட் பின். வண்டியை நகர்த்தும் முன் மிதியைப் பலமுறை அமுக்கிக் கெட்டிப்படுத்த வேண்டும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் முன்னே வரும்வரை முதல் சில மிதிகளுக்குப் பிரேக்கே இருக்காது.

வார்ப்பு வெல்டிங் தெரியாதவருக்கு என் தீர்ப்பு: புது நக்கிள் வாங்குங்கள். உடைசல் கிடங்கில் கிடக்கும் பழைய நக்கிள் வேண்டாம். அதே வயது, அதே உப்பு, அதே பள்ளம். நக்கிள் உடைந்தால் சக்கரம் உங்களோடு வராது. சேமிக்கிற காசு அதற்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் இன்று ஓடும் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் தொல்லைக்கு முன்கூட்டியே வழி செய்திருக்கிறார்கள். பேட் நக்கிளில் நேரடியாக உட்காருவதில்லை. நக்கிளில் போல்ட் போட்ட தனி பிராக்கெட்டில் உட்காருகிறது. பேடுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மெல்லிய ஸ்டெயின்லெஸ் கிளிப் இருக்கும். தேய்வது கிளிப். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டலாம். பிராக்கெட்டே போனாலும் நக்கிளைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் கிளிப்புக்கு அடியில் துரு கட்டி, கிளிப்பை மேலே தூக்கி, பேடை இறுக்கிப் பிடிக்கும். மழைத் தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டிகளிலும் கடலோர ஊர் வண்டிகளிலும் இது வர வாய்ப்பு அதிகம். நிறையப் பேர் பழைய கிளிப்பையே துடைத்து மறுபடி மாட்டிவிடுகிறார்கள்.

எனவே அடுத்த முறை பேட் மாற்ற வண்டியை விடும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிளிப்பைக் கழற்றி அடியிலுள்ள துருவைச் சுரண்டச் சொல்லுங்கள். புதுக் கிளிப் போடச் சொல்லுங்கள். காலிப்பரை மூடுவதற்கு முன் பேடை அதன் இடத்தில் வைத்து விரலால் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். நகர்ந்தால் மூடட்டும். நகரவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.